கெட்டி மேளமும் ஆறங்குலப் பீரங்கியும்

பிப்ரவரி 5, ஞாயிறு, 1939

இந்த டைரியைத் துறைமுகத்தில் யாரோ ஒரு கப்பல்காரர் அப்பாவுக்குக் கொடுத்தார். ஜனவரி முழுவதும் அத்தை இதன்மேல்தான் காப்பிச் சட்டியை இறக்கி வைத்தாள். இன்று பிடுங்கிக்கொண்டேன். எழுத விஷயம் வந்துவிட்டது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்!

மாப்பிள்ளை பெயர் ஏகாம்பரம். ராயபுரம் கடற்கரையில் புதிதாகப் போட்டிருக்கும் பீரங்கிப் படையில் சிப்பாய். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காக்கி உடுப்பில் வருவார் என்று நினைத்தேன். பட்டுக்கரை வேட்டியில் வந்தார். காதிரண்டும் கொஞ்சம் பெரிசு. பஜ்ஜி நாலு சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

அத்தைதான் விசாரணை நடத்தினாள். எனக்கு அம்மா இல்லை. வளர்த்தது, அடித்தது, தலை பின்னியது எல்லாம் அம்சவேணி அத்தைதான்.

"தம்பி பீரங்கி சுடுவீங்களோ?"

"சுடறது வேற ஆளுங்க. நான் குண்டை உள்ளே தள்றவன்."

"தள்றதுக்குன்னு தனியா ஒரு ஆளா?"

"குண்டு நூறு பவுண்டுங்க."

"பீரங்கி நல்லாயிருக்கா?" என்று அப்பா கேட்டார், மாடு வாங்கப் போனவர் மாதிரி.

"பஸ்ட் கிளாஸுங்க" என்றார். பிறகு ஏனோ இருமினார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஜன்னலில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

பிப்ரவரி 6, திங்கள்

அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்பச் சத்தம். காலையிலிருந்து காதிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

வீட்டில் ஒரே ரகளை. அப்பாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. "சரியான எம்டன்டா இவன்!" என்று புகழ்ந்தார். சாமர்த்தியசாலியை ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அத்தை இருக்கும்போது அந்தப் பெயரை எடுக்கலாமோ? உள்ளேயிருந்து குண்டான் உருளும் சத்தம் கேட்டது.

பதினாலாம் வருஷம் எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்த ஐப்பசியில் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "ஓடினவங்க திரும்பி வந்தப்ப கல்யாணம் இல்ல" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. மாப்பிள்ளை வீட்டார்தான் ஓடியிருப்பார்கள், கோழைகள். அப்புறம் அத்தைக்கு வரன் அமையவே இல்லை.

"பீரங்கிக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதா? அந்தச் சத்தமே ஆகாது அண்ணே நம்ம குடும்பத்துக்கு. ஆற்காட்டு விறகுத் தொட்டிக்காரருக்கு என்ன கொறைச்சல்? அங்க குயில் சத்தம்தான் கேக்கும்."

விறகுத் தொட்டிக்காரருக்கு முதல் மனைவி இறந்து இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பெரியவளுக்கு என் வயசு.

சாயங்காலம்வரை சண்டை போட்டு ராஜிக்கு வந்தார்கள். ஆனி மாதத்துக்குள் ஏகாம்பரத்தோடு கல்யாணம் முடிந்தால் சரி. ஆடி பிறந்துவிட்டால் நான் விறகுத் தொட்டிக்கு. ஆவணிவரை காத்திருக்க வழியில்லை. அதற்குள் இந்தப் படையை ஏடனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அப்பா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கென்ன?

விறகு என்ற வார்த்தையே பிடிக்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது!

அப்பா பேப்பர் படித்தார்: ஜெர்மனிக்காரன் செக் நாட்டை முழுங்கிவிட்டானாம். "நம்ம கடற்கரை பந்தோபஸ்தா இருக்கான்னு பாத்துட்டு வரலாம்" என்று என்னையும் கூட்டிப்போனார். முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். மணல் மூட்டைகளுக்கு நடுவில் நீளமாகச் சாம்பல் நிறத்தில் பீரங்கி. அதன் வாயிலிருந்து ஓர் அணில் வெளியே வந்து எங்களைப் பார்த்தது.

பனைமரம்! துண்டுபோட்ட பனைமரத்துக்குச் சாயம் அடித்து வண்டிச் சக்கரத்தின்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் அதைச் சுற்றி ஓடுகிறார்கள், குனிகிறார்கள், நிமிர்கிறார்கள். ஏழாவது ஆள் ஒரு மரக்கட்டையைத் தோளில் சுமந்து வந்து நீளக் கழியால் பனைமரத்துக்குள் தள்ளுவதுபோல் பாவனை செய்கிறார். பெரிய காதுகள்.

என்னைப் பார்த்ததும் கட்டையைக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

வேலியோரம் வந்து, "அசல் பீரங்கி கப்பல்ல வந்துகிட்டிருக்கு" என்று முணுமுணுத்தார்.

"பஸ்ட் கிளாஸ்னீங்களே?"

"மரத்துல இது பஸ்ட் கிளாஸ்தான்."

கொடிக்காரச் சிப்பாய் சவரிமுத்து பின்னாலிருந்து, "இன்னாபா ஏகாம்பரம், அணிலுக்குக் குறி வெச்சா அம்மணி வந்து மாட்டிக்கினாங்களா?" என்று கத்தினான். அவர் காது சிவந்ததை நான் இன்றுதான் பார்த்தேன். அத்தையிடம் எதுவும் சொல்வதில்லை என்று நானும் அப்பாவும் தீர்மானித்தோம்.

மார்ச் 20, திங்கள்

வடாம் பிழிந்தோம். காக்காய் ஓட்ட என்னை மொட்டை மாடியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து கடற்கரை தெரிகிறது. காக்காய் பாதி வடாத்தைத் தின்றுவிட்டது.

ஏப்ரல் 20, வியாழன்

வந்துவிட்டது! அசல் இரும்பு! ஆறங்குலப் பீரங்கி!

துறைமுகத்திலிருந்து உருளைக் கட்டைமேல் வைத்து நூறு பேர் வடம் பிடித்து இழுத்துவந்தார்கள். "ஐலசா" என்கிறார்கள், ஓர் அடி நகர்கிறது. தேர் மாதிரிதான். எதிர்வீட்டம்மாள் குடம் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். யாரோ அதன் வாயில் எலுமிச்சம்பழம் சொருகினார்கள். வெள்ளைக்கார காப்டன் பெல்லமி துரை அதை எடுத்து மோந்து பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "1902னு போட்டிருக்குடி! இது மாப்பிள்ளையைவிட மூத்தது!"

"ரிடையர் ஆக வேண்டியதை அனுப்பியிருக்கான்" என்றாள் அத்தை. ஜன்னல் கதவை அரையடி திறந்து வைத்துக்கொண்டு, கடைசி உருளைக் கட்டை தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 14, ஞாயிறு

தட்டு மாற்றியாகிவிட்டது. ஜூன் 28, புதன்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஆனியின் கடைசி வளர்பிறை முகூர்த்தம். இதைத் தவறவிட்டால் ஆடிதான். அவருக்கு மூன்று நாள் லீவு எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பீரங்கி வெள்ளோட்டம் மே கடைசியில், அதனால் கவலையில்லை.

கூறைப் புடவை அரக்கு. பரவாயில்லை. (நாலு தரம் பிரித்துப் பார்த்தேன்.)

ஜூன் 2, வெள்ளி

கடல் கொந்தளிப்பால் வெள்ளோட்டம் தள்ளிப்போயிற்றாம். எங்களுக்கென்ன? மாவடு ஊறுகாயில் உப்பு அதிகமாகிவிட்டது. அத்தை என்னைத் திட்டுகிறாள், போட்டது அவள்.

ஜூன் 18, ஞாயிறு

மத்தியானம் தண்டோராக்காரன் வந்தான். டம் டம் டம். "இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது! வர்ற இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடற்கரையில பீரங்கி வெடிக்கப்படும்! கண்ணாடி ஜன்னலைத் தொறந்து வையுங்கோ! யாரும் பயப்பட வேணாம்! யாரும் பயப்பட வேணாம்!"

யாரும் பயப்பட வேண்டாம் என்று இரண்டாம் தரம் சொன்னதும் எதிர்வீட்டம்மாள் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பதினாலிலும் இதையேதான் சொன்னார்களாம்.

என் முகூர்த்த நாள். இருபத்தெட்டு!

ஜூன் 19, திங்கள்

அவர் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் லீவு ரத்து. வெள்ளோட்டத்தன்று குண்டு தள்ளும் ஆள் இல்லாமல் முடியாதாம்.

"சொன்னேனா இல்லியா" என்றாள் அத்தை. குதிப்பாள் என்று பார்த்தேன். போய் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், சட்னி அரைக்காமல் அப்படியே இருந்தாள்.

அவர் போகும்போது என்னிடம், "நான் ஓடிப்போயிடட்டா?" என்று கேட்டார்.

"எங்கே?"

"தெரியல. உன்கூட."

அடடா, இது என்ன பேச்சு! அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "காதைப் பார்த்தே பிடிச்சிடுவாங்க" என்றேன். அப்போதும் சிரித்தார் அந்த மனிதர். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

ஜூன் 21, புதன்

அப்பாவை இழுத்துக்கொண்டு வேலிக் கதவுக்குப் போனேன். எட்டாவதுவரை மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் இன்றைக்கு உதவாவிட்டால் என்றைக்கு உதவும்? பெல்லமி துரையிடம், ஆடி வந்துகொண்டிருக்கிறது, அதற்குமுன் நாங்கள் முடித்துக்கொள்ள வேண்டும் என்றேன். துரை தொலைநோக்கியை எடுத்துக் கடலைப் பார்த்தார். அது கப்பல் இல்லை, மாதம் என்று அவில்தார் விளக்க வேண்டியதாயிற்று. அப்புறம் துரை சிரித்த சிரிப்பு நம்மவர் சிரிப்புக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

ஏற்பாடு இதுதான். படைமுகாமை ஒட்டி மணல்மேட்டடியில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. கல்யாணம் அங்கே. முதல் குண்டு ஒன்பது மணிக்கு. அதன்பிறகு கடலில் மிதக்கும் இலக்கைப் படகில் போய்ப் பார்த்துவர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை ஓடிவந்து தாலி கட்டிவிட்டு ஓடிவிட வேண்டும்!

பிள்ளையாரே, ஒன்பது மணிக்கே வெடிக்க வையப்பா.

ஜூன் 24, சனி

வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தோம். வேடிக்கையாகப் பேசிக்கொண்டே, "அந்த எம்டன் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இவங்களும் ஓடிடுவாங்களோ?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா பெரிதாகச் சிரித்தார். "அவங்க எங்கடி ஓடினாங்க? ஓடினது நாமதான்! விடியறதுக்குள்ள பூந்தமல்லிக்கு வண்டி கட்டிட்டோம். வண்டியில மொதல்ல ஏறி உக்காந்தது யாருன்னு நெனைக்கறே? இதோ, இவதான்! பையன் பாவம், தெனம் சாயங்காலம் வந்து பூட்டின கதவைப் பாத்துட்டு நிப்பானாம். பொங்கல் கழிச்சு வந்து பாத்தா ரங்கூனுக்குக் கப்பலேறிட்டான்..."

பாதியில் அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அத்தை தலை நிமிராமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காம்பே இல்லாத வெற்றிலையையும் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பாக்கு எடுத்துவருவதாக எழுந்து போனேன்.

ஜூன் 27, செவ்வாய்

மருதாணி. எழுத முடியாது.

ஜூன் 29, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது! எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எனக்கு

சரி, ஒழுங்காக எழுதுகிறேன்.

எட்டரைக்கே கோயில் நிறைந்துவிட்டது. காலடிப்பேட்டை மேளக்காரர்கள் வந்தாகிவிட்டது. அக்கினி வளர்த்துச் சாஸ்திரிகள் மந்திரத்தை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மணவறையில் நான் மட்டும். அத்தை பக்கத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாள். "நல்ல காரியத்துல நான் எதுக்குடி முன்னாடி?" என்று சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

ஒன்பது அடித்தது. வெடிக்கவில்லை. ஒன்பதரை. வெடிக்கவில்லை. கடலில் நெத்திலிக் கூட்டம் வந்திருக்கிறதாம்! கட்டுமரக்காரர்கள் சிவப்புக் கொடியை மதிக்கவேயில்லை. "பீரங்கி நாளைக்கும் இருக்கும், நெத்திலி இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கட்டுமரங்கள் விலகியதும் தகவல் சொல்ல, கோயிலை ஒட்டிய மணல்மேட்டில் சவரிமுத்துவை வெள்ளைக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். அவன் கொடியை உயர்த்தி ஆட்டினால் பாதை சுத்தம், சுடலாம் என்று அர்த்தம்.

பத்து மணி. சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நான் பிள்ளையாரை முறைத்தேன். ஆற்காட்டு விறகு வாசனை மூக்கில் அடித்தது. கண்ணில் மை கரைந்துவிட்டது.

பத்தேகாலுக்கு மணலில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். அவர்! "குண்டைத் தள்ளியாச்சு, நெத்திலி இப்போதைக்குப் போகாது, நீ போய்க் கட்டிட்டு வா" என்று துரையே விரட்டிவிட்டாராம். காக்கி அரைக்கால் சட்டைக்குமேலேயே வேட்டியைச் சுற்றினார்கள். மாலை ஒரு காதில் மாட்டிக்கொண்டது. காதில் பஞ்சு வேறு, அதை எடுக்க மறந்துவிட்டார். சாஸ்திரிகள் சொன்னது எதுவும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தாலியைக் கையில் எடுத்தார். கூட்டத்தில் யாரோ ஒரு மாமா விரலை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினார். எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். மணல்மேட்டில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய சவரிமுத்துவும் எங்கள் பக்கம் திரும்பி, சிநேகிதன் கல்யாணச் சந்தோஷத்தில் கையை உயர்த்தி ஆட்டி ஆட்டி, "கெட்டி மேளம்டோய்!" என்று கத்தினான்.

அந்தக் கையில்தான் கொடி இருந்தது.

படைமுகாமில் கொடியைப் பார்த்தார்கள். நல்லவேளை, கடைசிக் கட்டுமரம் அப்போதுதான் கரையேறியிருந்தது.

எனக்குக் கேட்டது சத்தம் இல்லை. தரை எழும்பி உட்கார்ந்தது. கோயில் மணி தானாக அடித்தது. பந்தலிலிருந்து மாவிலை உதிர்ந்தது. அடுத்த நிமிஷம் "எம்டன்! எம்டன்!" என்று ஒரு குரல் (எதிர்வீட்டம்மாள்தான், சந்தேகமே இல்லை). சனம் ஓடியது பாருங்கள்! நாயனக்காரர் நாயனத்தோடு ஓடினார். தவில்காரர் தவிலைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் போட வேண்டிய நாத்தனார் ஓடினாள். சாஸ்திரிகள் தேங்காயோடு ஓடினார். என்னைப் பெற்ற அப்பா பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்! அக்கினி மட்டும் ஓடவில்லை.

அவர் தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "கட்டலாமா? மேளம் இல்லியே" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். தாலி ஏறும்போது கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டி மேளம்? தெருவில் ஒரே ஓலம்.

அப்போதுதான் அத்தையைப் பார்த்தேன்.

அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். வாசலைப் பார்த்தாள், வழி திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்தாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக மணவறைக்கு வந்தாள். தவிலைத் தூக்கி நிறுத்தினாள், கழியை எடுத்தாள், அடித்தாள்! தாளமாவது ஒன்றாவது, மெத்தைத் தூசு தட்டுவதுபோல் அடித்தாள். "கட்டுங்க மாப்பிள்ளே! ம்! கட்டுங்கறேன்! யாரு ஓடினா என்ன, நான் இருக்கேன் கட்டுங்க!" என்று கத்திக்கொண்டே, அழுதுகொண்டே, அடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று முடிச்சும் அவரே போட்டார். மூன்றாவதில் என் தலைமுடியும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. பஞ்சு அடைத்த காதுக்கும் கேட்கும்படி, "அத்தை, போதும்! ஆயிடுச்சு!" என்று நான்தான் கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. சனம் ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து அட்சதை போட்டு முடிக்கும்வரை அடித்தாள். பிறகு கழியை இடுப்பில் சொருகிக்கொண்டு சாம்பார் பரிமாறப் போனாள்.

அவர் மாலையோடேயே முகாமுக்கு ஓடினார். சவரிமுத்துவுக்கு ஒரு மாதம் மணல் மூட்டை சுமக்கத் தண்டனை. அன்றைக்குச் சுட்டதில் இலக்கைத் தொட்டது அந்த ஒரு குண்டுதான் என்று துரையே சொன்னாராம்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. வரட்டும்!

ஆகஸ்ட் 27, ஞாயிறு

தவில்காரர் நாலாவது தடவையாக வந்து கழியைக் கேட்டார். அத்தை கொடுக்கவில்லை. வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எட்டணாவை நீட்டினாள். ஏடனுக்குப் போகும் பேச்சு நின்றுவிட்டது. பீரங்கி இங்கேயே வேண்டுமாம். இரண்டு நாளாகக் காப்பி வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெயில்தான்.

செப்டம்பர் 4, திங்கள்

யுத்தம் வந்துவிட்டது. நேற்று ராத்திரி ரேடியோவில் சொன்னார்களாம். காலையிலேயே தெருவில் மாட்டு வண்டிகள். எதிர்வீட்டம்மாள் உரலைக்கூட ஏற்றிவிட்டாள். அவர் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை, முகாமிலேயே படுக்கை.

அப்பாவும் பூந்தமல்லிக்கு வண்டி பேசிவிட்டு வந்தார். "கெளம்பு அம்சா, பொண்ணைக் கூட்டிகிட்டு."

"நீ போ அண்ணே" என்றாள் அத்தை, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே. "நான் ஒரு தடவை ஓடிப் பாத்துட்டேன். மாப்பிள்ளைக்கு மத்தியானச் சோறு யார் கொண்டுபோறது?"

அப்பா வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் தூக்குச் சட்டியை எடுத்தேன். அத்தை பிடுங்கிக்கொண்டாள். ஒரு வாரமாகவே இப்படித்தான், குடம் தூக்க விடுவதில்லை, மாடிப்படி ஏற விடுவதில்லை. அவளே வேலிவரை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பயந்தாரா என்று கேட்டேன். "சிரிச்சாரு" என்றாள். அது போதும் எனக்கு.

மத்தியானம் பயிற்சிக்குச் சுட்டார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அத்தை கதவிடுக்கிலிருந்து அந்தக் கழியை எடுத்துப் பித்தளை அண்டாவில் ஓங்கி அடித்தாள். அடுத்த வெடிக்கும் அடித்தாள். அதற்கடுத்த வெடிக்கும்.

"என்ன அத்தை இது, பைத்தியமா?"

"கெட்ட சத்தம் காதுல விழக் கூடாது."

"எனக்கா? நான்தான் பீரங்கிக்காரர் பெண்டாட்டியாச்சே, எனக்குப் பழகிப்போச்சு."

அத்தை என் முகத்தைப் பார்க்காமல் கழியைத் துடைத்து மறுபடி கதவிடுக்கில் வைத்தாள்.

"உனக்கு மட்டுமாடி?" என்றாள்.

நான் இன்னும் அவரிடமே சொல்லவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்!